பச்சோந்திக்கு ஒரு செக்லிஸ்ட்

பச்சோந்தியை முறைத்துப் பார்க்கக் கூடாதாம். தொடக் கூடாது, தூக்கக் கூடாது, கொஞ்சவும் கூடாது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் சீண்டாது. இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தால்தான் நக்கும். பக்கத்தில் இன்னொரு பச்சோந்தி இருந்தால் மனசு ஒடிந்து சாப்பாட்டை விட்டுவிடும். அலுவலகப் பிரிண்டரில் திருட்டுத்தனமாக அச்செடுத்து வந்த அறுபது பக்கங்களையும் படித்து முடித்தபோது, எங்கள் குடும்பத்து மாப்பிள்ளைகள் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

ஆனாலும் வளர்த்தே தீருவது என்று இருந்தேன். காரணம் என் மகள். கம்பெனி என்னைப் பதினெட்டு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தது. தெலுங்கு பேசும் குஷாய்குடாவில், எங்கள் வீட்டில் கணவரும் ஒன்பது வயது மகளும் மட்டும். காலிங் கார்டில் பேசும்போது ஒருநாள் என்ன வேண்டும் என்று கேட்டேன். பாடப் புத்தகத்தில் பார்த்தாளாம், "ஊசரவெல்லி" என்றாள். தெலுங்கில் பச்சோந்தி. வந்ததும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எதை வேண்டுமானாலும் தருகிறேன் எனலாம்.

திரும்பி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தலை பின்ன, கணக்குப் போட, வயிறு வலிக்கிறது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் அவள் அப்பாவிடம்தான் போனாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் ஒரு வார்த்தை வரும். அதிலும் வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காட்டும் பணிவு. எனக்கு வலித்தது. பச்சோந்தி வந்தால் பின்னாலேயே அவளும் வருவாள் என்று நம்பினேன்.

நான் மென்பொருளைச் சோதித்துப் பிழைப்பவள். கத்தரிக்காய் வாங்கக்கூட செக்லிஸ்ட் போடும் இனம். பச்சோந்திக்கு நாற்பத்து மூன்று வரிகளில் ஒன்று தயாரானது. வரிகளின் ஓரத்தில் இருந்த கடைசிக் கட்டத்துக்கு 'யார் பொறுப்பு' என்று தலைப்பிட்டு, நிரப்பும் வேலையை மகளிடம் கொடுத்தேன். "சரே" என்று தாளை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியதும் கூண்டு வைக்கப்போகும் பால்கனிச் சுவரில் ஒட்டிவிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. ஊரார் எழுதிய புரோகிராமில் அரைப்புள்ளியைக்கூட விடாதவள் நான்.

உப்பலில் ஒரு வெல்டரிடம் நான்கடி உயரத்துக்கு வலைக்கூண்டு சொன்னேன். கோழிக்கா என்று கேட்டார். இல்லை, பச்சோந்திக்கு என்று விளக்கியதும் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். "கிர்கிட்டா? கைக்கு மேடம்? நக்கோ!" என்றார். எதற்கு என்று கேட்டதில் நியாயம் இருந்தது. வேண்டாம் என்றதிலும் இருந்தது. மருந்துக் கடையில் சொட்டு நீருக்காக சலைன் டியூப் வாங்கினேன். பேஷண்ட்டுக்கு எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். இன்னும் வரவில்லை என்றேன்.

இரைதான் பெரிய பாடு. சுவர்க்கோழிப் பூச்சிகளை வீட்டிலேயே பெருக்க வேண்டும், அவை ஒளிந்துகொள்ள முட்டை அட்டைகள் வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். மூன்று தலைமுறையாக முட்டை நுழையாத வீட்டுக்கு, முட்டைக் கடையில் வெறும் அட்டைகளைக் கெஞ்சி வாங்கி, தெரு முழுக்கப் பார்க்க, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். இனி உண்மையைச் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்?

கணவருக்கு அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் சரியாக வந்துவிடுவதால் என் கோமாளித்தனம் எதையும் அவர் தவறவிட்டதில்லை. "வேலில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதயால்லா இருக்கு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. பிள்ள கேட்டது."

"பிள்ள எப்பமோ கேட்டா. இப்ப கேட்டுப் பாத்தியா?"

நான் கேட்கவில்லை. அந்த வாரம்தான் மேனேஜர் போன் செய்திருந்தார். இன்னும் ஆறே மாதம், அதே கிளையண்ட், உன்னை விட்டால் ஆளில்லை. பால்கனியில் நின்று பேசிய நான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உண்மையில் எனக்கு ஆசையாகவே இருந்தது.

கூண்டு வந்தது. உள்ளே செம்பருத்திச் செடி வைத்து, டியூப் கட்டி, சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சனிக்கிழமை, கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நம்ம ஊரு பச்சோந்திய பிடிச்சு வளத்தா கேஸாம்லா. எங்க செக்‌ஷன்ல ஒருத்தனோட தம்பி ஃபாரஸ்ட்ல இருக்கான், அவந்தான் சொன்னான். ஒன் நாப்பத்து மூணுல இது எத்தனாவது நம்பரு?"

எந்த நம்பரும் இல்லை. வெப்பம், ஈரப்பதம், கால்சியம் பொடி எல்லாம் இருந்தன. வளர்க்கலாமா என்ற கேள்வி மட்டும் இல்லை. மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பர்வாலேது" என்றாள். பரவாயில்லை என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள்.

சுவரிலிருந்து தாளைப் பிய்த்தபோதுதான் கடைசிக் கட்டத்தைப் படித்தேன். தண்ணீர் தெளிப்பது, நான்னா. பூச்சி போடுவது, நான்னா. கூண்டு கழுவுவது, நான்னா. அப்பா, அப்பா என்று நாற்பத்திரண்டு வரிகள். 'சந்தேகம் வந்தால் கேட்பது' என்ற வரியில் மட்டும் அம்மா. பக்கத்தில் நான் அமெரிக்காவில் வைத்திருந்த போன் நம்பர். நானே மறந்துவிட்ட நம்பர், ஓர் இலக்கம் பிசகாமல்.

"நான்தான் வந்துட்டேனே, இது எதுக்கு?" என்றேன்.

"மள்ளீ வெள்தாவு கதா?" என்றாள். மறுபடி போவாய்தானே. பால்கனிக்கு அடுத்துதான் அவள் படிக்கும் மேஜை; மேனேஜரிடம் நான் பேசியது காதில் விழுந்திருக்கும். குற்றம் சொல்லும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல இருந்தது.

பச்சோந்தியே வரப்போவதில்லை. இருந்தாலும் பேனாவை எடுத்து அந்த நம்பரைக் கோடு போட்டு அடித்தேன். 'வீட்டில்தான் இருப்பாள்' என்று எழுதப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள். ஊருக்கு வந்த பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பென்சில்தோ ராயி, அம்மா" என்று தன் பென்சிலை நீட்டினாள். பேனாவால் எழுதினால் அப்புறம் அழிக்க முடியாதாம்.