நான் நீக்கச் சொன்ன குரல்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ஹாலில், என் டி.வி.யின் முன்னாலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா. குருசுக்குப்பத்துக்காரர், எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர்.

என் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய படத்தை டிஸ்க்காக வெளியிட, அதன் சவுண்டை ஐந்து ஸ்பீக்கரிலும் வருகிற மாதிரி புதிதாக மிக்ஸ் செய்தார்கள். 'பழைய பட ரசிகர்' என்று என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். சும்மா இருப்பேனா? கடற்கரையில் கதாநாயகி அழும்போது பின்னால் ஒரு பெண் கத்துவார். "இந்த இரைச்சல் எதுக்கு? தூக்கிடுங்களேன்" என்றேன். தூக்கிவிட்டார்கள்.

டிஸ்க் வந்ததும் ஸ்டெல்லாவிடம் பீற்றிக்கொண்டேன் — காட்சி எங்கள் ஊரில் எடுத்ததாயிற்றே!

"சார், அதுல எங்கம்மா கொரலு வரும்! ஷூட்டிங்ல எவனோ வலைய மிதிச்சிட்டான்னு கத்துச்சாம். அப்படியே படத்துல வச்சிட்டாங்க. முன்ன டி.வி.ல போடுவாங்க, இப்ப போடறதே இல்ல. அம்மா போயி ஆறு வருசம் ஆவுது. ஃபோட்டோ இருக்கு... கொரலு வேற எங்கயும் இல்ல. ஒருவாட்டி போட்டுக் காட்டுறீங்களா?"

எந்த முகத்தோடு மறுப்பது? போட்டேன். அலை முன்னால் எழுந்து முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. அத்தனை துல்லியம். குரல் மட்டும் இல்லை.

"மறுபடி போடுங்க சார்... எனக்குத்தான் கேக்கலயோ?"

மூன்று முறை போட்டேன்.

"கம்பெனிக்காரங்க எடுத்துட்டாங்க போல..." என்றேன். வாய் கூசாமல்!

அவர் தலையாட்டிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் அதே நினைப்புதான். எது இரைச்சல் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஸ்டுடியோவுக்கு போன் போட்டேன். நல்லவேளை, பழைய ஒலி பத்திரமாக இருந்தது. அந்தத் துண்டை மட்டும் போனில் வாங்கிக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். கேட்கக் கொடுப்பதற்கு முன் உண்மையைச் சொன்னேன்.

"இரைச்சல்னு எடுக்கச் சொன்னது நான்தாம்மா."

ஸ்டெல்லா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார்.

"ஏய், வலைய மிதிக்காத!"

மூன்று விநாடிதான். மறுபடி கேட்டார். மறுபடி...

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க சொன்னதும் சரிதான் சார். எங்கம்மா கொஞ்சம் கத்தித்தான் பேசும்."

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.