ஆகாயத்தில் ஒரு மட்டம் கேட்டேன்

என் வீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து கிடந்தார். கண் மூடியிருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த அந்தச் சின்ன விமானத்தை ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு மாட்டு வண்டிகூட ஓட்டத் தெரியாது. கீழே இலங்கை மலைநாட்டில் றொசல்லைப் பக்கத்து மலைகள். முன்னால் வெள்ளை வெளேரென்று மேகம். கூப்பிட்டால் ஓடிவர ஒரு ஆள் இல்லை. செத்துப்போவோமோ என்று நான் பயப்படவில்லை. செத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஆண்டவரை நம்புகிற என் சொந்தங்களே, அன்றைக்கு அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அறுபதாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. லெந்து நோன்பு நாட்கள். மலையில் காலை வெயில் நன்றாக அடிக்கிற பருவம்.

என் பெயர் கிரேஸ்மணி. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை கொழுந்து எடுத்தவள். என் வீட்டுக்காரர் ஞானராஜ், அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவரின் மகன். அப்பாவைப் போலவே இவருக்கும் இயந்திரம் என்றால் பைத்தியம். கொழும்புக்குப் போய் விமானம் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்தார். பிறகு ஓட்டவும் பழகிவிட்டார். தோட்டங்கள் சில வைத்திருந்த ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. கொழும்புப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து மருந்தும் தொழிற்சாலைக்கு வேண்டிய உதிரிப் பாகங்களும் ஏற்றி வந்து, தோட்டத்துத் துரைமார் கிளப்பின் புல்வெளியில் இறங்குவார். முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் சாமான் வைக்க இடம். அவ்வளவுதான் அந்த விமானம்.

அவர் புறப்படுகிற நாளெல்லாம் நான் வாசலில் நின்று, சத்தம் மலைக்குப் பின்னால் மறையும்வரை ஜெபிப்பேன். என்னையும் ஏற்றிக்கொண்டு போவதாக அவர் எத்தனையோ தரம் சொன்னார். கால் தரையில் இருக்கிறவரைதான் நான் உங்க பெண்டாட்டி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மனுஷனுக்கு என் பலவீனம் தெரியும். எனக்குக் கடல் பார்க்க ஆசை. சொன்னால் சிரிப்பீர்கள். தீவில் பிறந்து, கல்யாணமும் ஆகி, கடலைப் பார்க்காதவள் நான். எங்கள் பெரியவர்கள் அந்தக் கடலைத் தாண்டித்தான் வந்தார்கள். எனக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "கடல் காட்டுறேன், வா புள்ள," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். கம்பெனியிடமும் அனுமதி வாங்கிவிட்டார்.

அதோடு என் நிம்மதி போயிற்று. பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், ஓட்டுகிறவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருக்க வேண்டுமாம். அது அவர் வைத்திருந்த சட்டம். துரைக்கும் அதுதான், பெண்டாட்டிக்கும் அதுதான். அடுப்படியில் இரண்டு நாற்காலி போட்டார். பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் பெல்ட்டாகக் கட்டினார். என் முழங்கால்களுக்கு நடுவே ஒரு கம்பை நிறுத்தி, இதுதான் உன் பக்கத்துப் பிடி, என் பக்கத்திலும் இதைப் போல ஒன்று இருக்கும் என்றார். முன்னால் தள்ளினால் மூக்கு இறங்கும், இழுத்தால் ஏறும், பக்கத்தில் சாய்த்தால் இறக்கை சாயும். பறக்கிற விமானத்தைத் தொந்தரவு பண்ணாவிட்டால் அது பாட்டுக்குப் போகும் என்றார். உங்களைத் தொந்தரவு பண்ணாவிட்டால் நீங்களும் அப்படித்தான் என்றேன்.

பிறகு ஓட்டுகிறவர் மயங்குவது எப்படி என்று நடித்துக் காட்டுவார். சொல்லாமல் கொள்ளாமல் பொத்தென்று என்மேல் சாய்வார். நான் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, பிடியில் விழாதபடி பெல்ட்டை இறுக்க வேண்டும். அவர் காலை மிதியிலிருந்து இழுத்து விட வேண்டும். புகை வாடை அடித்தால் ஜன்னலை எல்லாம் திறக்க வேண்டும், சூட்டுக்காற்று வருகிற குமிழை அமுக்கி அடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடியைத் தொட வேண்டும். இதை நேரம் காலம் பார்க்காமல் செய்தார். சோறு போடும்போது சாய்வார். துணி மடிக்கும்போது சாய்வார். என் தம்பி கல்யாணப் பந்தியில் சாய்ந்தபோது, இவர் தண்ணி போட்டுவிட்டாரென்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

அன்று வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்று, ஆண்டவரே, இந்த மனுஷனின் தொணதொணப்பை நிறுத்தும் என்று மனமுருகி ஜெபித்தேன். அந்த ஜெபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சொல்கிறேன்.

எனக்கு வராத பாடம் ஒன்று இருந்தது. இறக்கையை மட்டமாகப் பிடிப்பது. மட்டம் எனக்குத் தெரியாதா என்று நான் கோபப்பட்டேன். கொழுந்து எடுக்கிறவர்கள் செடிகளின்மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே வந்ததை மட்டும் கிள்ளுவோம். மலை முழுக்கச் சீவி விட்டதுபோல இருக்கும். அப்படியானால் பிடித்துக் காட்டு என்று வீட்டுக்கு வெளியே கூட்டிப்போய், கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். எதிர்மலையைப் பார்த்து மட்டமாகப் பிடித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது மலைக்கு மட்டம் புள்ள," என்றார். "மலையே சாஞ்சுதானே கெடக்கு."

உண்மைதான். மட்டக்கம்பைச் செடிமேல் வைக்கும்போது மலை எப்படிச் சரிகிறதோ அப்படியேதான் கம்பும் சரிந்து கிடக்கும். சரிவில் பிறந்து சரிவில் வேலை செய்கிற எங்களுக்கு அதுதான் மட்டம். மேலே போனால் மலையை நம்பாதே, மேகத்தையும் நம்பாதே என்றார் அவர். செம்பில் தண்ணீர் வைத்துப் பார்த்தால்கூட விமானம் திரும்பும்போது ஏமாற்றிவிடுமாம். தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டுக்கு இறக்கையைச் சரிபண்ணு என்றார். பார்க்காத கடலை எப்படி நம்புவது என்று கேட்டேன். ஆண்டவரை மட்டும் பார்த்துவிட்டா நம்புகிறாய் என்று வாயை அடைத்துவிட்டார்.

புறப்பட்ட காலையில் நல்ல வெயில், நல்ல குளிர். ஏறி உட்கார்ந்ததுமே எனக்குப் பல் அடித்துக்கொண்டது. குளிருதுங்க என்றேன். அவர் ஒரு குமிழை இழுத்தார். காலடியில் இதமாகச் சூட்டுக்காற்று வந்தது. அந்தக் காற்று இயந்திரத்தின் புகைக்குழாயைச் சுற்றி வருவது என்பதும், அந்தக் குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்திருந்தது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எனக்குக் குளிரக்கூடாது என்றுதான் அவர் அதைத் திறந்தார்.

மேலே போனதும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. என் பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து அதில் முகத்தை வைத்துக்கொண்டேன்; நான் மயங்காமல் இருந்தது அதனால்தான். அவர் தலை வலிக்கிறது என்றார். காலையில் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தால் வலிக்காதா என்று திட்டினேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்தார்.

சொந்தங்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? நடிக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "சும்மா இருங்க. இங்கேயுமா?" என்று தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன். அவர் தலை அப்படியே தொங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது. அப்போதுதான் லாரிக்குப் பின்னால் நடக்கும்போது வருகிற வாடை என் மூக்கில் ஏறியது.

அழுகை வந்தது. ஆனால் அழ ஆரம்பிக்கும் முன்பே கை வேலையைத் தொடங்கிவிட்டது. அடுப்படியில் எத்தனை தரம் செய்த வேலை. தோளைத் தள்ளி நிமிர்த்தினேன். பெல்ட்டை இறுக்கினேன். காலை இழுத்து விட்டேன். குமிழை அமுக்கி அடைத்தேன். அவருக்கு மேலாகக் கையை நீட்டி அந்தப் பக்கத்து ஜன்னலையும் திறந்தேன். பிறகு பிடியைத் தொட்டேன். அது உயிருள்ளதுபோல அதிர்ந்தது.

முன்னால் மேகத்துக்கு நடுவே ஒரு மலைச்சரிவு தெரிந்தது. பச்சைத் தேயிலை, அழகாக மட்டம் வெட்டின மலை. என் கண் அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சரியாக இறக்கையை வைத்தேன். மனசில் ஒரு திருப்திகூட வந்தது. ஆனால் மலை பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. வலது இறக்கை தாழ்ந்து, விமானம் தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் மூக்குக்கு நேரே இன்னொரு மலை வந்து நின்றது. அது மலைக்கு மட்டம் புள்ள என்று அவர் சிரித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. எது மேலே எது கீழே என்று தெரியவில்லை.

நான் கோயிலில் எழுந்து ஜெபித்தால் நல்ல தமிழில் நீளமாக ஜெபிப்பேன் என்று பெயர். அன்றைக்கு ஒரு நல்ல வார்த்தையும் வரவில்லை. கொழுந்து மலையில் நின்று, வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"ஆண்டவரே, எனக்கு ஒரு மட்டம் காட்டுங்க. அது போதும்."

உயிரைக் காப்பாற்றும் என்று கேட்கவில்லை. அவரை எழுப்பும் என்றும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மேகம் விலகியது. திரையை யாரோ ஒதுக்கியதுபோல விலகியது. மலைகளுக்கு அப்பால், காடுகளுக்கு அப்பால், உலகத்தின் ஓரத்தில் ஒரு கோடு. மினுங்கிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நேராகக் கிடந்தது. அதைப் போல நேரான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அதுதான் கடல் என்று தெரிந்துவிட்டது. எங்கள் இறக்கை எவ்வளவு கோணலாக இருக்கிறது என்பதும் தெரிந்தது.

பிடியை மெதுவாகச் சாய்த்தேன். கோடும் இறக்கையும் சேர்ந்து வந்தன. எதிரே நின்ற மலை பக்கத்தால் போயிற்று. அதில் கொழுந்து எடுத்த பெண்கள் அண்ணாந்து பார்த்துக் கை ஆட்டினார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும். அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தேன். இரண்டு ஜன்னலாலும் குளிர்காற்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டேயிருந்தது. மலைகள் தேய்ந்து, கீழே வயலும் தென்னையும் வர ஆரம்பித்த பிறகு அவர் முனகினார். வாந்தி எடுத்தார். உலகத்தில் வாந்தியைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெகு நேரம் கழித்து அவர் குரல் கேட்டது. "கடல் பாத்தியா?"

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பேசாம மூச்சு விடுங்க."

இரத்மலானை வந்தபோது அவருக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கையில் பலமில்லை. அவர் கையின்மேல் என் கையை வைத்து இருவருமாகப் பிடியைப் பிடித்தோம். மற்றதை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது துள்ளித் துள்ளித்தான் இறங்கினோம். விமானம் நின்றதும் அவர் தலையை மடியில் போட்டுக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண்டவர் கிருபையால் ஒரு குறையுமில்லாமல் எழும்பி வந்தார். வீட்டுக்கு வருமுன் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கிட்ட நின்று பார்த்தால் கடல் மட்டமே இல்லை, மேடும் பள்ளமுமாக இரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் அந்தக் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது அந்த முதல் ஜெபத்துக்கு வருகிறேன். அவருடைய தொணதொணப்பை நிறுத்தும் என்று முழங்காலில் நின்று கேட்டேனே, அதை ஆண்டவர் கேட்கவேயில்லை. நான் எரிச்சல்பட்டு முணுமுணுத்த ஒவ்வொரு முறையும் என் கைக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தார். மேகத்துக்குள் நான் கேட்ட ஜெபத்துக்கு உடனே பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொள்ள என் கை பழகியிருந்ததே, அது எனக்குக் கிடைக்காத ஜெபத்தால் வந்தது. இரண்டுக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். கிடைக்காததற்குக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன்.

அன்றிலிருந்து அந்த விமானத்தில் பக்கத்து ஆசனத்தில் உட்காருகிற யாரும் முதலில் எங்கள் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். துரையும் வந்து இடுப்பில் சேலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சொல்லிக்கொடுப்பவள் நான். மயங்கி விழுபவர் என் வீட்டுக்காரர்.

என் சொந்தங்களே, நீங்கள் கேட்டும் கிடைக்காத ஒன்று இருந்தால் மனசு வெறுத்துவிடாதீர்கள். எந்த நாளுக்காக அதை வைத்திருக்கிறார் என்று ஆண்டவருக்குத் தெரியும். எது மேலே எது கீழே என்று தெரியாமல் போனால், அழகான ஜெபம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மட்டம் கேளுங்கள், காட்டுவார். ஆனால் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கேளுங்கள்.

போன வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மறுபடி என் தோளில் சாய்ந்தார். இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை. கரண்டியை வைத்துவிட்டு, தோளைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தைப் பார்க்கிறேன். கண்ணைத் திறந்து சிரிக்கிறார்.