குழிக்கு ஒரு பூசை

எனக்கு ஆத்திரம் வந்தால் பேச்சு வராது. என் தொழிலுக்கு இதைவிடக் கேடான குணம் வேறு இல்லை.

காந்திபுரம் பக்கம் ஒரு கட்டடத்துக்குப் பேஸ்மென்ட் தோண்டிக்கொண்டிருந்தோம். சைட் இன்ஜினியர் நான். குழியைச் சுற்றி மண் சரியாமலிருக்க வரிசையாகக் கான்கிரீட் தூண்கள், அதாவது பைல்கள், இறக்கியிருந்தோம். ஒரு பைலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் நாலடியில் பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர். அந்த வீட்டுப் பாய் குடைக்கடை வைத்திருப்பவர். "எங்க அத்தா காலத்துச் செவுருங்க, பாத்துக்குங்க" என்றார். "ஒண்ணும் ஆகாதுங்க பாய், நான் இருக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

இருபதடியில் ஊற்று வந்தது. மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டி இறைத்துக்கொண்டே இருந்தால் போதும், வேலை நடக்கும். ஆனால் ஓனர் பெருந்துறைப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதியைத்தான் பார்த்தவர்கள். குழியில் தண்ணீரைக் கண்டதும் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"மோட்டாரை நிறுத்துங்க அம்மணி. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வாராங்க, அவுங்களும் கண்ணுல பாக்கட்டும். ஒரு பூசை போட்டுப்போட்டு எறைச்சுக்கலாமுங்க."

நிறுத்தினால் மண் ஊறிவிடும் என்றேன்.

"ஒரு நாள்ல என்னங்க ஆயிரும்? வந்த லட்சுமியச் சாக்கடைல உடலாமுங்களா?"

அதட்டியிருந்தால் வாயைத் திறக்காமலே மோட்டாரை ஓடவிட்டிருப்பேன். இவ்வளவு பணிவாகக் கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்வது? சரிங்க என்று தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்குள் குழியில் மார்பளவுத் தண்ணீர். மஞ்சள் தெளித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், அக்கம்பக்கமெல்லாம் கேசரி கொடுத்தனுப்பினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

பிறகு மோட்டாரைப் போட்டோம். தண்ணீர் இறங்க இறங்க, ஊறிக் கிடந்த மண்ணும் பைல் இடுக்கு வழியாகக் கூடவே இறங்கியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாய் வீட்டுப் பக்கம் தரை உள்வாங்கிக் கிடந்தது. ஆட்களை விட்டு மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது பாய் வந்தார். கையில் நேற்றுக் கேசரி போன போசிப் பாத்திரம்.

"அடுப்படிச் செவுரு விரல் போற அளவுக்கு வெடிப்பு உட்டிருக்குதுங்க" என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. போசியை நீட்டினார். கழுவித் துடைத்த போசிக்குள் பேரீச்சம்பழம். "வெறும் ஏனமாக் குடுக்க வேண்டாம்னு ஊட்ல போட்டு உட்டாங்க. ஓனர்கிட்டக் குடுத்துருங்க. கேசரி நல்லா இருந்துச்சுங்க. என்ன விசேசம்னுதான் கேக்க மறந்துட்டேன்."

என்ன விசேஷம் என்று எனக்குத் தெரியும். போசியை வாங்கிக்கொண்டேன்.