செக்கிங் டேபிளில் ஒரு ஸ்டூல்

1. ஸ்டூல் போன நாள்

தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் என் ஸ்டூலைக் காணோம். ராபர்ட்சன்பேட்டையில் வாங்கி, மாரிகுப்பத்தில் ரயிலேற்றி, பெங்களூர் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஸ்டூல். சூப்பர்வைசர் அதை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டான்.

கார்மெண்ட்ஸில் நான் பத்தொன்பது வருஷமாகச் செக்கர். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று பார்த்து பாஸ் செய்கிற வேலை. நின்றுகொண்டேதான் செய்ய வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

“இன்னா சார், ஸ்டூல் எங்க?”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அக்கா. சட்டை வாங்குற ஃபாரின் பையர் வந்தா இன்னா நினைப்பாங்க? பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க!”

பார்க்க நல்லாத்தான் இருக்கிறேன். அதுதான் கேடு. கட்டு இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. உடம்பு முழுக்க வலி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

“இது முழுசா போகாதும்மா, கூட வெச்சிக்கினுதான் வாழணும். அசதி வர்றதுக்கு முன்னாடியே உக்காருங்க. நல்லா இருக்கிற நாள்லயும் உக்காருங்க” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் கேட்டால்தானே! தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் போன குடும்பம்; நடுவில் உட்கார்ந்தால் மானம் போச்சு என்று வளர்ந்தவள். உடம்பு கொஞ்சம் தேவலை என்றால் வாரத்துத் துணியெல்லாம் ஒரே நாளில் துவைப்பேன். அப்புறம் மூன்று நாள் படுக்கை. இன்னொரு முறை படுத்தால் வேலை இல்லை என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அந்த ஸ்டூல்.

2. தைல பாட்டில்

ஊருக்குத் திரும்பும் சாயங்கால ரயிலில் எங்கள் லேடீஸ் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் தைல பாட்டில் கைமாறி வரும். எல்லோரும் காலில் தேய்த்துக்கொள்வார்கள், பெட்டியே மணக்கும். ஆனால் ஃபேக்டரிக்குள் ஒருத்தியும் வலி என்று வாய் திறக்க மாட்டாள்.

அன்று, என் டேபிளிலேயே வேலை செய்யும் செல்வி, எலும்பும் தோலுமாக இருப்பதால் எங்களுக்கு ஸ்கெலட்டன் செல்வி, மெதுவாகச் சொன்னாள்: “நீ உக்காந்தா எங்களையும் சேத்துத் திட்டுவாங்கக்கா. அதான் நான் சார்கிட்ட சொல்ட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பாட்டில் என் கைக்கு வந்தது. மூடியைத் திருகிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“இன்னாக்கா, குடு! காலு வலிக்குது!” என்றாள் செல்வி.

“வலிக்குதா? காலையிலருந்து உன் பக்கத்துலதானே நின்னேன், எனக்குத் தெரியலியே! நாளைக்கு டேபிள் மேல வெக்கிறேன். சார் எதிர்ல வலிக்குதுன்னு சொல்லி எடுத்துக்கோ.”

பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

3. மறுநாள்

காலையில் ஸ்டோருக்குப் போய் ஸ்டூலை எடுத்து வந்து, தைல பாட்டிலை டேபிள் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வந்தான்.

“ஹெச்.ஆருக்குப் போலாமா அக்கா?”

“போலாம் சார். ஸ்டூலோட வரேன்.”

செல்வி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். “எனக்கும் ஒண்ணு வேணும் சார். ஆறு வருஷமா இடுப்புலருந்து கால் வரைக்கும் வலிக்குது.”

அவன் ஹெச்.ஆர். பேச்சை விட்டுவிட்டுத் திரும்பிப் போனான். இரண்டு பேரை ஒரே நாளில் அனுப்பினால் டேபிள் நின்றுவிடும்.

இப்போது இரண்டு ஸ்டூல் இருக்கிறது. பையர் வரும் நாளில் மட்டும் ஒளித்துவைக்கிறார்கள். அன்று நான் அரை நாள் லீவு போட்டுவிடுகிறேன்.

சூப்பர்வைசர் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. அந்த ஆறு வருஷத்தின் மேல் உள்ள கோபம்தான் ஆறவில்லை. என் முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்றவளிடம் தினமும் “நல்லா கீறியா?” என்று கேட்டிருக்கிறேன், “நல்லா கீறேன்” என்றிருக்கிறாள். அவள் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, வலிக்கிறது என்றால், ஸ்டூல் போடக்கூடியவன் காதில் விழும்படி சொல்லுங்கள். முதல் வருஷமே சொல்லுங்கள்.