முழங்காலுக்கும் இரைப்பைக்கும் நடுவே

அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான மேலாளரும் அப்படித்தான் கூப்பிட்டார். வயதை வைத்து வந்த பெயர் இல்லை, உடம்பை வைத்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். "பேர்லயாவது மரியாதை இருக்கே" என்று சிரித்துக்கொள்வாள்.

பெரிய ஓட்டல் ஒன்றின் விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வெளுக்க வரும். ஈரம் முழுக்கக் காயாத விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். இந்த முனையில் பெரியக்கா. அந்த முனையில் குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண். ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. மத்தியானத்துக்குள் பெரியக்காவின் முழங்கால்கள் இரண்டும் வீங்கிப்போகும். சாப்பிட்ட கையோடு ஒரு வலி மாத்திரை போட்டால்தான் மறுபடி எழுந்திருக்க முடியும். பல வருஷமாக அப்படித்தான் வண்டி ஓடியது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன, மாற்றத்தான் வேண்டும் என்றார். ஆனால் இந்த எடையில் கை வைக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

"முதல்ல எடையக் குறைச்சிட்டு வாங்கம்மா. இல்லன்னா புது மூட்டும் சீக்கிரமே ஆடிப்போயிடும்."

"நடந்தாத்தானே டாக்டர் குறையும்? நடக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். எடை குறைப்பதற்கென்றே அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா ஒருவரிடம் அனுப்பினார்.

பட்டினி கிடந்து பார்த்தவள்தான் பெரியக்கா. குறைந்ததெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் அவளுடைய நாத்தனார் அப்படி ஒரு அறுவை செய்துகொண்டு, இப்போது தன் மகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

"ஸ்லீவ் பண்ணிக்கோங்க அண்ணி. இரைப்பையில முக்காவாசிய வெட்டி எடுத்துடுவாங்க, அவ்வளவுதான். குடல் பக்கமே போக மாட்டாங்க. என்னைப் பாருங்க."

பெரியக்கா பார்த்தாள். டாக்டரம்மாவின் அறைக்குள் நுழையும்போதே ஸ்லீவ் என்று முடிவு செய்துவிட்டுத்தான் நுழைந்தாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தார்கள். இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகியிருந்தது. இரண்டு தலையணை வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பதை அவள் இத்தனை நாளும் வாயுக்கோளாறு என்றே நினைத்திருந்தாள்.

"ஸ்லீவ் உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்றார் டாக்டரம்மா. "இரைப்பை ஒரு குழாய் மாதிரி ஆயிட்டா உள்ளே அழுத்தம் கூடும். அமிலம் இன்னும் மேல ஏறும். இருக்கிற புண்ணு மோசமாகும்."

"இரைப்பையச் சுத்தி வளையம் மாட்டுவாங்களாமே?"

"இப்பல்லாம் அதை யாரும் அவ்வளவா போடறதில்ல. போட்டதை எடுக்கத்தான் வர்றாங்க. உங்களுக்கு பைபாஸ்தான் சரி. மேல சின்னதா ஒரு பை மட்டும் விட்டு, அதைக் குடலோட இணைச்சிடுவோம். நெஞ்செரிச்சலும் அடங்கும். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் நீங்க போடற வலி மாத்திரைய ஆயுசுக்கும் தொடக் கூடாது. இணைச்ச இடத்துல புண்ணு வரும், ரத்தம் கசியும். காய்ச்சலுக்குப் போடற மாத்திரை வேணா போடலாம்."

"அதையெல்லாம் என் முட்டி கண்டுக்கவே கண்டுக்காது டாக்டர்." "உங்க அம்மாவா இருந்தா எது பண்ணுவீங்க?"

"பைபாஸ்தான். ஆனா எங்கம்மா நின்னு வேலை பார்க்கறவங்க இல்ல" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். டயர் கடையில் வேலை பார்ப்பவர், முதுகுவலிக்காரர், அதிகம் பேசாதவர்.

"எரிச்சலா, வலியான்னு கேக்கறாங்க. நீ எதைத் தாங்குவ?" என்று கேட்டார்.

"முட்டிய மாத்திட்டா மாத்திரையே வேணாங்க. எடை குறையற வரைக்கும் பல்லைக் கடிச்சிக்கறேன்."

யார் கேட்டாலும் சரி என்று சொல்லக்கூடிய கணக்குதான் அது.

பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. நாலு வாய் சாப்பிட்டால் போதும் போதும் என்றது வயிறு. கழுத்தும் கன்னமும் தொங்கின. நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. முழங்கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். எலும்பு டாக்டர் இன்னும் கொஞ்சம் குறையட்டும் என்றார். இரும்புச்சத்து இறங்கியிருக்கிறது, மாத்திரை போட்டு அதையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூட மேலாளர் போன் செய்தார். "உங்க இடத்துக்கு நிரந்தரமா ஆள் எடுக்கச் சொல்றாங்க பெரியக்கா. வர முடியும்னா திங்கக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை காலை, கணவர் முதுகுவலிக்கு வைத்திருந்த மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

அவளைப் பார்த்ததும் குச்சி வாசலுக்கே ஓடி வந்தாள். "பாதி ஆளத்தான் அனுப்பியிருக்காங்க. மீதி எங்கக்கா?"

"வெளுக்கப் போட்டிருக்கு. காஞ்சதும் வரும்."

உருளையின் இரண்டு பக்கமும் நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சாயங்காலம்வரை நின்றாள். அப்படி ஒரு நாள் வாய்த்து அவளுக்கு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மறுநாளும் ஒரு மாத்திரை போட்டாள். அதற்கு மறுநாளும். மூட்டு மாற்றுகிற வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மலம் கறுப்பாகப் போனபோது இரும்புச்சத்து மாத்திரையால் என்று நினைத்தாள். அந்த மாத்திரைக்கும் அப்படித்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். தலைசுற்றலைக் கூடத்தின் ஆவியால் என்று நினைத்தாள். ஒரு நாள் விரிப்பின் முனை அவள் கையிலிருந்து நழுவியது. குச்சி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் தரையில் கிடந்தாள்.

ரத்தம் ஏற்றினார்கள். இணைத்த இடத்தில் புண் ஆழமாக இருந்தது. டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார். திட்டவில்லை.

"நான் சொன்னேனேம்மா."

"சொன்னீங்க டாக்டர். நான் மறக்கவும் இல்ல."

புண் ஆறுகிறவரை முழங்காலைத் தொட முடியாது என்றார்கள். சில மாதம் கழித்துக் கேமராவில் மறுபடி பார்த்தார்கள். பாதிதான் ஆறியிருந்தது. அடுத்த முறையும் பெரிய மாற்றம் இல்லை. நடமாட்டம் நின்றுபோனதால் எடை குறைவதும் நின்றது. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. எலும்பு டாக்டர் அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டார். கணவர் வேலைக்குப் போகுமுன் தண்ணீரும் மாத்திரைகளும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனார். தன்னுடைய வலி மாத்திரையைக் கடையிலேயே பூட்டி வைத்துக்கொண்டார்.

ஒரு விடுமுறை நாளில் குச்சி பார்க்க வந்தாள். புதிதாக வந்தவள் விரிப்பை வெடுக்கென்று இழுக்கிறாள், சுருக்கம் விழுகிறது, சொன்னால் காதில் வாங்குவதில்லை என்று புலம்பினாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

"உங்க நாத்தனார் சொன்ன மாதிரி ஸ்லீவே பண்ணியிருக்கலாமோக்கா? மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்காவது வந்திருப்பீங்க."

"வந்திருக்கலாம். இல்ல, மேல இருந்த புண்ணு முத்தியிருக்கலாம். தினமும் ரெண்டையும் மனசுக்குள்ள பண்ணிப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

"எது நல்லா முடியுது?"

"எதுவும் முடியறதில்லடி. நடுவுல தூங்கிடறேன்."

குச்சி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வழியனுப்பப் பெரியக்காவும் நாற்காலியின் கைகளை ஊன்றிப் பாதி எழுந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்று, மறுபடி உட்கார்ந்தாள்.

"கதவ இழுத்துச் சாத்திட்டுப் போ" என்றாள்.