தேங்காயெண்ணெய் போட்ட தரை

நுவரெலியாவில் நான் வேலை பார்த்த ஹோட்டலின் சாப்பாட்டு ஹாலுக்குச் சிவப்புச் சிமெந்துத் தரை. அதை மினுங்க வைப்பதுதான் என் உத்தியோகம். எனக்குப் படிப்பில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தரையை ஒரு வருஷம் கூட்டியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்தது மட்டும் இல்லை.

ஹோட்டலுக்கு நான் வந்து சேர்ந்ததே வாயால் வந்த வினை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை எப்படி நடப்பார் என்று எல்லோருக்கும் நடந்து காட்டினேன். சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. நான் மட்டும் நடந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் கணக்கப்பிள்ளை. அன்றோடு என் பெயர் வெட்டப்பட்டது. பெண்சாதி பிள்ளையுண்டாகியிருந்தாள். அவளை மாமியாருடைய லயத்து அறையில் விட்டுவிட்டு, அவளுடைய அண்ணன் காலில் போய் விழுந்தேன்.

மச்சான் அந்த ஹோட்டலில் பரிமாறுகிறவர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சாரம், வெறுங்கால். அந்தக் காலத்தில் பரிமாறுகிறவர்கள் செருப்புப் போடக்கூடாது. ஹோட்டலுக்குப் பின்னால் ஒரே அறையில் அவரும் பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும். அந்த அறையும் வேலையோடு வந்தது, வேலையோடு போகும். மேனேஜர் துரையிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், “என் பொறுப்புங்க தொர” என்றார். துரை என்னைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார். “ஒன் பொறுப்பே பெரிய பொறுப்பு” என்றார். அதற்கு ஆறு மாசம் முன்னால் மச்சான் ஒரு தட்டு நிறையக் கிளாசுகளைப் போட்டு உடைத்திருந்தார். இன்னொரு தடவை ஹாலில் எதையாவது போட்டால் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று துரை சொல்லியிருந்தார். அது ஹோட்டலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தரை வேலை பார்க்கச் சுலபம். பழைய மெழுகைச் சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். நன்றாகக் காய விட வேண்டும். டின்னில் இருக்கிற சிவப்புப் பாலீஷைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசி, அது இறுகும்வரை காத்திருந்து, பாதித் தேங்காய் மட்டையைக் காலுக்கடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் கம்பளித் துண்டு. மச்சான் முதல் நாளே சொன்னார்: “ரொட்டிக்கு பட்டர் பூசற மாதிரி இல்ல மாப்புள. கண்ணாடியில மூச்சு விட்டுத் தொடைக்கிற மாதிரி.”

நான் பட்டர் பூசுகிற ஆள். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் மினுங்கும், நிறையப் போட்டால் நிறைய மினுங்கும் என்பது என் கணக்கு. போட்டேன். ஒரு வாரத்தில் சமையலறைக் கதவிலிருந்து சாப்பாட்டு மேசைவரை, மச்சான் நடந்து நடந்து, மாடு போகிற தடம் மாதிரி மங்கலாக ஒரு ரோடு விழுந்துவிட்டது. மற்ற இடத்தில் மெழுகு இருந்தது. மேசைகள் நின்ற இடத்தில் கம்பளம் விரித்திருந்ததால் அங்கே என் பெருமை தெரியாது. தெரிகிற இடம் அந்த ரோடு ஒன்றுதான். துரை கைத்தடியால் அதைத் தொட்டுக் காட்டுவார். அவ்வளவுதான், போய்விடுவார்.

ஜனவரிப் பனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பிலிருந்து பெரிய இடத்து ஆட்கள் முப்பது பேர் பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை டின்னைத் திறந்தால் அடியில் துருதான் இருந்தது. அந்த மாசத்துப் பாலீஷை நான் பத்து நாளில் தின்றிருந்தேன். புது டின் கேட்டால் பழைய டின் எங்கே போனது என்று கேட்பார்கள். கொதிகலன் பக்கத்தில் வைத்து உருகியிருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன். என் தலையைப் பார்த்தேன், அதாவது தடவிப் பார்த்தேன். தினமும் பூசுகிறேன், பளபளவென்றுதான் இருக்கிறது. தரை மட்டும் என்ன பாவம் செய்தது?

பூசினேன். சாயங்காலம் அந்த ரோடு குளம் மாதிரி மினுங்கியது. என்னை நானே இரண்டு தடவை பாராட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

மலைநாட்டில் தேங்காயெண்ணெய் உறையும் என்பது லயத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தலையில் உறைந்ததில்லையே! ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலைத் திறந்தேன். கதவிலிருந்து மேசைவரை தரை வெள்ளை வெளேரென்று, யாரோ சுண்ணாம்பு பூசியது மாதிரி கிடந்தது. மட்டையால் தேய்த்தேன். மெழுகுதிரியைத் தேய்த்தது போல உருண்டு உருண்டு வந்தது. சமையல்காரக் கோக்கியிடம் கெஞ்சி, அவன் சமையலுக்கு வைத்திருந்த சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். எண்ணெய் உருகியது. வெள்ளை போய் மினுக்கம் திரும்பி வந்தது. எண்ணெய் மட்டும் எங்கேயும் போகவில்லை, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பரவியதுதான் மிச்சம். அதை நான் யோசிக்கவில்லை.

ஒன்பது மணிக்குத் துரை வந்தார். குளிருக்காகச் சுவரோரக் கணப்பை மூட்டியிருந்தார்கள். தீ வெளிச்சம் தரையில் விழுந்து ஆடியது. துரை கைத்தடியைத் தூக்கினார், தொட்டுக் காட்ட இடம் தெரியாமல் கீழே வைத்தார்.

“நீ செஞ்சது?”

“ஆமாங்க தொர.”

“நல்ல தரை” என்றார். மேசையில் கரண்டி அடுக்கிக்கொண்டிருந்த மச்சானைப் பார்த்து, “ஒன் ஆள் நல்ல ஆள்” என்றார்.

மச்சான் நிமிர்ந்தார். ஆறு மாசமாகக் கூனியிருந்த முதுகு அன்றைக்குத்தான் நேரானதைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. துரைக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். கணப்புக்குப் பக்கத்தில் என் வலது கால் தனியாகக் கிளம்பிப் போய்விட்டது. கணப்பின் மேல்விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன். துரை திரும்பிப் போய்க்கொண்டிருந்தார், பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீ எரிய எரியத் தரை சூடாகும், எண்ணெய் இளகும். பகலில் மச்சான் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு இந்த ரோட்டில்தான் வருவார்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நேரமும் இருந்தது. ஆனால் என் ஆயுசில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது, வாயில் போட்ட கற்கண்டு மாதிரி இருந்தது. துப்ப மனசு வரவில்லை. பத்து மணிக்கு மேல் தரைக்காரன் ஹாலில் தலைகாட்டக் கூடாது என்பது சட்டம். அதையே சாக்காக வைத்துக்கொண்டு கொதிகலன் பக்கம் போய் நின்றேன். நின்று நின்று வேர்த்தது. அது கொதிகலன் சூடு இல்லை.

பன்னிரண்டரைக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். குளிருகிறது என்றார்கள் போல, கணப்பில் இன்னும் விறகு போட்டார்கள். நான் சமையலறைக்குள் ஓடினேன். மச்சான் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“மச்சான், நில்லுங்க. தரை வழுக்குது.”

“வழி விடு.”

“நெசமாத்தான் மச்சான். தேங்காண்ணெ பூசிட்டேன்.”

மச்சான் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “முந்தாநேத்து கோட்டுக் காலர்ல அட்டை ஊருதுன்ன. போன வாரம் குளிச்சிக்கிட்டு இருந்தவன தொர கூப்புடுறாருன்னு துண்டோட ஓட வச்ச. இன்னைக்கு எண்ணெயா? ஒன் பகிடிக்கு நேரங்காலமே இல்லையாடா?”

“எம் பொண்டாட்டி மேல சத்தியமா மச்சான்.”

“அவ எந் தங்கச்சி. அவ மேல நீ சத்தியம் பண்ணாத” என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். மூன்று எட்டு வரை ஒன்றுமில்லை. நாலாவது எட்டில், கணப்புக்கு நேரே, மச்சானின் இடது கால் முன்னால் ஓடியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. கூடை மட்டும் நேராக நின்றது. எப்படி என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு பணிஸ் ரொட்டி எகிறி விழுந்து உருண்டு கம்பளத்தில் போய் நின்றது. மேசையின் தலைமாட்டில் துரை கழுத்தைத் திருப்பினார். மச்சான் பணிஸை எடுத்து மடியில் சொருகிக்கொண்டு, ரொட்டியை வைத்துவிட்டு, சுவர் ஓரமாக ஒவ்வொரு காலாக ஒட்டி ஒட்டித் திரும்பி வந்தார். உள்ளே வந்ததும் என் சட்டையைப் பிடித்தார்.

“என்னாடா பண்ணி வச்சிருக்க?”

“சொன்னேனே மச்சான்.”

கோக்கி சூப்பை ஊற்றி முடித்திருந்தான். முப்பது பேருக்கான பெரிய பீங்கான் சட்டி, மேலே ஆவி பறக்கிறது. சுவர் ஓரமாகப் போகலாம் என்றால், சட்டியோடு போக இடம் போதாது, கணப்பு மறிக்கும். அடுத்த கதவு துரைக்குப் பின்னால், அது பூட்டியிருந்தது. ஹாலில் மணி அடித்தார்கள். சூப்பு எங்கே என்று அர்த்தம்.

“மெல்ல ஹிமின் பலயன்” என்றான் கோக்கி, பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும். மெல்லப் போனால் மெல்ல விழலாம், அவ்வளவுதான்.

மூலையில் உருளைக்கிழங்குச் சாக்குகள் இரண்டு வெறுமையாகக் கிடந்தன. எங்கள் தோட்டத்தில் சாமி ஊர்வலம் வந்தாலும் சாவு ஊர்வலம் போனாலும் டோபி முன்னால் மாத்து விரிப்பார். இரண்டே வெள்ளை வேட்டிதான். ஒன்றின் மேல் நடக்கும்போது அடுத்ததை முன்னால் விரிப்பார், பின்னால் கிடப்பதை உருவி மறுபடி முன்னால் கொண்டுபோவார். தரையில் கால் படாமல் எவ்வளவு தூரமும் போகலாம்.

“மச்சான், மாத்து விரிக்கிறேன். நீங்க சாமி மாதிரி வாங்க.”

“சாமி மாதிரியா, பொணம் மாதிரியா?” என்றார். ஆனால் சட்டியைத் தூக்கினார்.

நான் காக்கிக் கால்சட்டையோடும் எண்ணெய்ச் சட்டையோடும் ஹாலுக்குள் மண்டி போட்டுப் போனேன். முதல் சாக்கை விரித்து, ஓரத்தை முழங்காலால் அமுக்கினேன். மச்சான் ஏறினார். அடுத்ததை விரித்தேன். ஏறினார். பேச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கரண்டிச் சத்தமும் நின்றது. கணப்புக்கு நேரே சாக்கு ஓர் அங்குலம் நகர்ந்தது. எனக்கு உயிர் ஓர் அங்குலம் நகர்ந்தது. அப்படியே சாக்கின் மேல் மார்பை வைத்துப் படுத்துவிட்டேன். மேலே சட்டி சாய்ந்து, சூப்பு என் பிடரியில் விழுந்தது. கத்தவில்லை. உதட்டைக் கடித்தேன், உப்புக் கரித்தது. “அசையாத” என்றார் மச்சான், உதடு பிரியாமல். இன்னும் மூன்று விரிப்பு. கம்பளம் வந்தது. சட்டி மேசையில் உட்கார்ந்தது.

ஒரு வெள்ளைக்கார அம்மா துரையிடம் ஏதோ கேட்டார். துரை முகம் கல்லாக இருந்தது. ஏதோ பதில் சொன்னார். உடனே மேசையைச் சுற்றிக் கை தட்டினார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த வழக்கப்படி கறி, புடிங், காப்பி எல்லாவற்றுக்கும் நான் மாத்து விரித்தேன்.

ஆட்கள் போனதும் துரை சமையலறைக்கு வந்தார். நான் தேங்காயெண்ணெய் என்றேன். டின் தீர்ந்ததையும் சொன்னேன், காலையிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். துரை குனிந்து தரையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மச்சானிடம் திரும்பினார்.

“நீ கொண்டாந்த ஆள். நீ சொல்லு. வேணுமா, வேணாமா?”

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. தன் வெறுங்காலைப் பார்த்தார். எனக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் இல்லை, அது இல்லாதவனுக்கு வேறு வேலை கிடைக்காது, திரும்பிப் போக லயத்து மாமியார் வீட்டைத் தவிர இடமில்லை, அவருடைய தங்கச்சிக்கு மாசம் ஏழு. எல்லாம் அவருக்குத் தெரியும். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“வேணாங்க தொர” என்றார் மச்சான். “எண்ணெய் ஊத்துனதுக்கு இல்லைங்க. இவன் உண்மையச் சொன்னான், எனக்கு நம்ப முடியல. இந்த மாதிரி ஆள் தொடச்ச தரையில நான் சுடுசூப்பத் தூக்கிட்டுப் போக முடியாதுங்க.”

துரை தலையாட்டினார். “கழுவிட்டுப் போ” என்றார் என்னிடம்.

இரண்டு நாள் கழுவினேன். சோடாவும் சுடுதண்ணீரும் போட்டு, கத்தியால் சுரண்டி, மறுபடி கழுவி. பிடரியில் கொப்புளம், விரலெல்லாம் வெடிப்பு. மச்சான் தேத்தண்ணீரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். கொதிகலனிலிருந்து சட்டியில் தணல் கொண்டுவந்து வைத்துத் தரையைக் காய வைத்தேன். துரை கொடுத்த புது டின்னிலிருந்து மூச்சு விட்டது போல ஒரு பூச்சு. இறுகினதும் மட்டை. இன்னொரு பூச்சு. மறுபடி மட்டை, கம்பளி.

மூன்றாம் நாள் பகல், கதவுக்குப் பக்கத்தில் என் தகரப்பெட்டியோடு நின்றேன். மச்சான் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கணப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. கதவிலிருந்து மேசைவரை ஒரே நடை. ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ராகலை பஸ்ஸுக்குப் போனேன்.