பிரசவத்தோடு போகாத சுகர்

அன்னவாசலில் சுகருக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஆளே கிடையாது. ஏழாம் மாதம் தேவிப்ரியாவுக்குச் சுகர் என்று தெரிந்து இன்சுலின் ஊசி தொடங்கியதும் பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வரை ஒரே பேச்சு: பிள்ளை பிறந்தால் தானாகப் போய்விடும். மாமியார் சொர்ணம் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஊரைக் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. புதுக்கோட்டை டாக்டரம்மாவுக்குத்தான் சந்தேகம். ஒடிந்துவிடுவது போல ஒல்லி, குடும்பத்தில் யாருக்கும் சுகர் இல்லை, பிறகு எப்படி வந்தது? ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார். பத்து நாள் கழித்துத் தேவி தனியாகப் பஸ் ஏறிப் போய் முடிவைக் கேட்டாள். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, இன்சுலின் சுரக்கும் இடத்தையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். அதன் அடையாளம் ரத்தத்தில் இருக்கிறதாம். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பிரசவத்துக்குப் பிறகு மருந்தின் அளவு குறையலாம், ஆனால் ஊசியை நிறுத்தவே கூடாது என்றார் டாக்டரம்மா.

தன் உடம்பே தனக்கு ஆகவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? தாய் இறந்து எட்டு வருடம் ஆகிறது. குவைத்திலிருந்து பேசிய புருஷன் வசந்தகுமார், அவள் வாயைத் திறக்கும் முன்பே, "அதான் புள்ள பொறந்தா போயிரும்ல தேவி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. தாய் வீடு இல்லாததால் மாமியார் வீட்டிலேயே பிள்ளைப்பேற்று அறை. தீட்டு கழிய முப்பது நாள், அதுவரை அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. ஃப்ரிட்ஜ் இருப்பது அடுப்படியில். மருந்து இருப்பது ஃப்ரிட்ஜில்.

முதல் ஒரு வாரம் கேட்டபோதெல்லாம் சொர்ணம் எடுத்துக் கொடுத்தாள். எட்டாம் நாள் கொடுக்கவில்லை. பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இன்னும் ஊசி போட்டால் பால் கெட்டுப்போகும் என்றாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. வேளாவேளைக்குப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். தேவி இரண்டு நாள் பொறுத்தாள். நாக்கு வறண்டது, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் நாள் காலை விரலைக் குத்திப் பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதற்கும் என்னை விட்டால் யார் என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் வந்தது.

சொர்ணம் குழாயடிக்குப் போயிருந்த நேரம் தேவி அடுப்படிக்குள் நுழைந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மருந்துக் குப்பியோடு திரும்பினால் வாசற்படியில் குடத்துடன் சொர்ணம்.

"இது போகாது அத்த. நான் இருக்குற வரைக்கும் ஊசி போடணும். போடலன்னா நான் இருக்க மாட்டேன்."

சொர்ணம் குடத்தை இறக்கி வைத்தாள். "வசந்துக்குத் தெரியுமா?"

"இல்ல. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

சொர்ணம் வழிவிட்டு விலகி நின்றாள். தேவி அறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். அடுப்படியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. இவ்வளவு சொன்ன பிறகும் தீட்டுதான் பெரிதாகப் போயிற்றா என்று அழுகை முட்டியது.

சாயங்காலம் சொர்ணம் ஒரு மண்கலயத்தைக் கொண்டுவந்து கட்டில் ஓரம் வைத்தாள். உள்ளே ஈர மணல். அதில் ஒரு டம்ளரைப் பதித்து, அதற்குள் மீதி இரண்டு குப்பிகளையும் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தாள்.

"மணல் காஞ்சா சொல்லு, தண்ணி தெளிக்கிறேன்," என்றாள். வெளியே போகுமுன் கதவருகில் நின்று, "வசந்துகிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா அழுதுருவேன்," என்றாள்.

தேவி கலயத்தைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. போனை எடுத்துக் குவைத்துக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.